48 தவணை

பரமண்டல ஜெபத்தில் ஒரு வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். ஏறக்குறைய நான்கு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" வரைக்கும் சபையோடு சேர்ந்து சத்தமாகச் சொல்வேன். அடுத்து "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று எல்லாரும் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த வரி போனதும் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று மறுபடி சேர்ந்துகொள்வேன். ஆகாரத்திலிருந்து சோதனைக்கு ஒரே தாவல். பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

பயம்தான் காரணம். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஒரு தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதிலுள்ள சின்னச் சொல்லைத்தான் முதலில் பார்ப்பேன். இந்த வரியில் அந்தச் சின்னச் சொல், "போல". நான் அவனுக்கு எப்படிச் செய்கிறேனோ அப்படியே நீர் எனக்குச் செய்யும் என்று கடவுளுக்கே எழுதிக் கொடுக்கிற பத்திரம் அது. அவனை நினைத்துக்கொண்டு அதில் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

அவனும் நானும் பாடகர் குழுவில் 11 வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று டெனர் பாடியவர்கள். எனக்கு மேல் ஸ்தாயி கொஞ்சம் தடுமாறும். அந்த இடம் வரும்போது அவன் லேசாக என் பக்கம் சாய்ந்து கொஞ்சம் அழுத்திப் பாடுவான். நான் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவேன். அப்படிப்பட்ட சிநேகிதம். ஒருநாள் வங்கிக் கடனுக்கு ஜாமீன் போடச் சொன்னான். போட்டேன். ஊருக்கெல்லாம் "ஜாமீன் போடாதீர்கள், கடன் வாங்கினவரை விட்டுவிட்டு உங்களிடம் நேராக வருவார்கள்" என்று புத்தி சொல்கிறவன் நான். நீதிமொழிகள் புத்தகமும் அதையேதான் சொல்கிறது. வீட்டில் மனைவியிடம் சொல்லவுமில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், அவ்வளவுதான் காரணம்.

ஆறாவது மாதம் அவன் கட்டுவதை நிறுத்தினான். அப்புறம் போன் எடுப்பதை நிறுத்தினான். அப்புறம் ஆளே இல்லை. வங்கியின் கடிதம் வந்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன். பிரித்துப் படித்தது மனைவி. மீதி 48 தவணை. ஒவ்வொரு மாதமும் 7-ம் தேதி.

எங்கள் தொழிலில் வலித்தால் நோட்டுப் போடுவோம். நீளமான பச்சை அட்டை நோட்டு ஒன்று வாங்கி, கோடு கிழித்து, தேதி, தவணை எண், தொகை, பாக்கி என்று கட்டம் போட்டேன். கடைசியில் "குறிப்பு" என்று ஒரு கட்டம். உண்மையில் அந்தக் கட்டத்துக்காகத்தான் நோட்டே. "இன்றும் போன் எடுக்கவில்லை." "அவன் தம்பியைப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான்." "புது வண்டி வாங்கியிருப்பதாகக் கேள்வி." எழுதி முடித்ததும் ஒரு திருப்தி வரும் பாருங்கள், அது ஜெபம் பண்ணினாலும் வராது. எபிரெயர் நிருபத்தில் "கசப்பான வேர்" என்று வருகிறது. வேருக்கு மாதம் ஒருதரம் தேதி தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

போதகர் ஒருவரிடம் போய்ப் பேசினேன். நல்ல மனுஷன். "மறந்துருங்க தம்பி" என்றார். மறப்போம், மன்னிப்போம் என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வேதத்தில் மனிதனைப் பார்த்து "மறந்துவிட்டு மன்னி" என்று எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. "அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்" என்று எரேமியாவில் கர்த்தர் தம்மைப் பற்றிச் சொல்கிறார். அது அவருக்கு முடியும்.

யோசேப்பைப் பாருங்கள். அண்ணன்மார் குழியில் போட்டு விற்றுவிட்டார்கள். எகிப்தில் பெரிய ஆளானதும் தலைப்பிள்ளைக்கு மனாசே என்று பேர் வைக்கிறான். மறக்கப்பண்ணுகிறவர் என்று அர்த்தம். என் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்று விளக்கம் வேறு. பிள்ளைக்கு "மறந்தாச்சு" என்று பேர் வைத்தவன், அதைக் கூப்பிடும்போதெல்லாம் எதை நினைத்திருப்பான்? அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நின்ற மாத்திரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. உடனே கட்டிப்பிடிக்கவுமில்லை. சிமியோனைப் பிடித்து வைக்கிறான், பென்யமீன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கிறான், இவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதிக்கிறான். அதற்கப்புறம்தான் அழுகை, முத்தம் எல்லாம்.

அதோடு கதை முடிந்தது என்றுதான் ஞாயிறு பள்ளியில் படித்தோம். முடியவில்லை. யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து இறந்து போகிறார். உடனே அண்ணன்மாருக்குப் பழைய பயம் பிடித்துக்கொள்கிறது. அப்பா போய்விட்டார், இனி இவன் பழிவாங்குவான் என்று ஆள் அனுப்புகிறார்கள். 17 வருஷம் மன்னிப்பின் கீழேயே குடியிருந்தவர்களுக்கு அது மன்னிப்புதான் என்று நம்பிக்கை வரவில்லை! யோசேப்பு அதைக் கேட்டு அழுதான் என்று இருக்கிறது. அப்போது அவன் சொல்கிற வாக்கியம்: "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்." பரவாயில்லை, நீங்கள் என்ன வேண்டுமென்றா செய்தீர்கள் என்று பூசி மெழுகவில்லை. தீமை என்றே பேர் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறான். தொகையை எழுதாமல் தள்ளுபடி எழுத முடியாது, எங்கள் தொழிலிலும் அப்படித்தான்.

மத்தேயு 18-ல் பேதுரு கேட்கிறாரே, என் சகோதரனுக்கு எத்தனைதரம் மன்னிக்கவேண்டும், ஏழுதரமட்டுமோ என்று. அவர் தாராளமாகத்தான் கேட்கிறார். "ஏழெழுபதுதரமட்டும்" என்று பதில் வருகிறது. ஆதியாகமம் 4-ல் லாமேக்கு என்று ஒருத்தன் தன் மனைவிகளிடம் பெருமையடிப்பான்: காயீனுக்காக ஏழு பழி என்றால் எனக்காக எழுபத்தேழு பழி. மத்தேயுவிலும் ஆதியாகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இந்த எண்ணுக்கு ஒரே சொல்தான். பழிவாங்குகிறவன் போட்ட கணக்கை இயேசு எடுத்து அப்படியே தலைகீழாகத் திருப்பி வைக்கிறார்.

அப்புறம் அந்த உவமை. எஜமானுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் மன்னிக்கப்படுகிறான். வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். கணக்குப் பார்க்கிறவன் இதைச் சும்மா வாசிக்க முடியாது. ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒருநாள் சம்பளம், மத்தேயு 20-லேயே இருக்கிறது. ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் 2 லட்சம் வருஷம். ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து வருஷத்துக்கு 200 தாலந்து வருமானம் தந்ததாக ஜோசிபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அந்த இரண்டு நாட்டின் 50 வருஷ வருமானத்தை ஒரு வேலைக்காரன் கடன் வாங்கியிருக்கிறான். "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று வேறு சொல்கிறான். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

இந்த இடத்தில் பிரசங்கிமார் எல்லாரும் ஒரு தப்புப் பண்ணுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது கடனை "அற்பத் தொகை" என்பார்கள். நூறு நாள் கூலி அற்பமா? மூன்று மாதத்துக்கு மேல் வீட்டில் அடுப்பெரிய வேண்டிய பணம். அது போனால் வலிக்கும். இயேசு அதை ஒன்றுமில்லை என்று எங்கும் சொல்லவில்லை. உன் நூறு நூறுதான், பக்கத்தில் இந்த ஆறு கோடியையும் வைத்துப் பார் என்கிறார். எனக்கு அது புரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. என் 48 தவணையை யாரோ முதன்முறையாகக் கூட்டிப் பார்த்த மாதிரி.

புரிந்தது என்பதற்காக முடிந்துவிடவில்லை. ஒரு மாதம் ஜெபத்தில் "ஆண்டவரே, அவனை மன்னித்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அடுத்த 7-ம் தேதி நோட்டை எடுத்துக் "குறிப்பு" எழுதினேன். வங்கிகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வாராக்கடனைக் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். அதைக் கேட்டதும் கடனையே விட்டுவிட்டார்கள் என்று வெளியிலிருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். புத்தகத்திலிருந்துதான் நீக்கம், வசூல் நடவடிக்கை ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கும். தள்ளுபடி என்பது வேறு, அதில் வசூலும் நிற்கும். நான் செய்தது நீக்கம். ஆலயத்தில் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டேன், வீட்டில் வசூல் நின்றபாடில்லை. 1 கொரிந்தியர் 13-ல் அன்பு "தீங்கு நினையாது" என்று நாம் வாசிக்கிற இடத்தில் மூலத்தில் இருப்பது கணக்கில் எழுதி வைப்பதற்கான சொல் என்று தெரிந்த அன்றைக்கு நோட்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

நெதர்லாந்துக்காரரான கொரி டென் பூம் அம்மாவின் சாட்சியை எல்லாரும் கேட்டிருப்போம். 1947-ல் மூனிக் நகரில் ஒரு கூட்டம் முடிந்ததும், தானும் அடைபட்டிருந்த, தன் அக்கா செத்துப்போன ராவன்ஸ்புரூக் நாஜி முகாமின் பழைய காவலாளி வந்து கை நீட்டுகிறான். இவருக்குக் கை எழும்பவில்லை. ஜெபித்துவிட்டு ஒரு மரக்கட்டையைப் போலத்தான் கையை நீட்டுகிறார். பிரசங்கத்தில் இதோடு முடிப்பார்கள். அதே அம்மா பிற்காலத்தில், தமக்குத் தீங்கு செய்த சில கிறிஸ்தவ நண்பர்களை மன்னித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே, அவர்கள் எழுதின கடிதங்களை ஆதாரமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததையும் தாமே சொல்லியிருக்கிறார். ஒரு நண்பர் சுட்டிக்காட்டின பிறகுதான் எரித்தாராம். முகாம் காவலாளியைவிடக் கூடவே ஜெபம் பண்ணினவர்கள் கடினம். எனக்கு அந்தக் கடிதக் கட்டு பச்சை நோட்டாகவே தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. மன்னிக்கச் சொல்வது சில இடங்களில் அநியாயத்துக்குக் காவல் நிற்பதாக ஆகிவிடுகிறது. அடிபட்டு வந்த பெண்ணிடம் "மன்னிச்சு, திரும்பிப் போம்மா" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்குக் கோபம் வரும். லூக்கா 17-ல் முதலில் வருவது "அவனைக் கடிந்துகொள்", அப்புறம்தான் "அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக". 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் 10 வயது, 6 வயது மகன்கள் இருவரையும் வண்டிக்குள் தூங்கும்போது எரித்துக் கொன்றார்கள். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஓடிப்போகாமல் பாரிபடாவில் தொழுநோயாளிகளோடு மேலும் சில வருஷம் இருந்தார். வழக்கு அதன் வழியே நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-ல் உறுதி செய்தது. அந்த அம்மாவின் மன்னிப்பு நீதிமன்றத்தின் கதவை அடைக்கவில்லை. நானும் அவனுக்கு இன்னொரு தடவை ஜாமீன் போடமாட்டேன், அதில் எனக்குக் குற்ற உணர்ச்சியும் கிடையாது.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

48-வது தவணையும் கட்டிவிட்டு வந்த அன்றைக்கு நோட்டை மேசைமேல் விரித்து வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவன் எனக்கு மொத்தம் எவ்வளவு, வட்டி போட்டால் எவ்வளவு என்று. மனைவி வந்து பின்னால் நின்றாள். நான்கு வருஷமாக அந்த நோட்டை அவள் தொட்டதில்லை.

"இதுல என் பேரு எங்கங்க?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"பாதி நான் கட்டினது" என்றாள். குரலில் சண்டை இல்லை. பிறகு என் தோளுக்கு மேலே கையை நீட்டி, விரலைக் கீழே நகர்த்திக்கொண்டே போய் ஒரு வரியில் நிறுத்தினாள். 31-வது தவணை. 7-ம் தேதிக்குப் பதில் 9-ம் தேதி கட்டியிருக்கிறது. குறிப்பில் என் கையெழுத்து: "இரண்டு நாள் தாமதம். அபராதத்தையும் அவன் கணக்கில் சேர்க்கவேண்டும்."

அந்த மாதம் 6-ம் தேதி என் மாமியார் இறந்துபோனார். வங்கிக் கடிதம் வருவதற்கு முன்பு, வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு போய்க் கொஞ்ச காலம் இருக்கப்போகிறேன் என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். கடிதம் வந்ததும் அந்தப் பேச்சு நின்றது. அவள் சம்பளம் இல்லாமல் தவணை கட்ட முடியாது. லீவு கிடைக்கும்போது போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கடைசியாகப் போனபோது அம்மாவுக்கு ஆளையே அடையாளம் தெரியவில்லை.

அத்தனையும் இரண்டு நாள் தாமதமாக என் நோட்டில் இருந்தது.

அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வாங்க என்று போய்விட்டாள். ஜாமீன் போட்டதைச் சொல்லாமல் மறைத்ததற்கு இந்த நான்கு வருஷத்தில் அவள் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குச் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு 7-ம் தேதியும் நான் அவனை எழுதிக்கொண்டிருந்த மேசைக்கு அந்தப் பக்கம் அவள் என்னை எழுதாமல் இருந்திருக்கிறாள். நான் 48 மாதம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது எந்தக் கடனோடு என்று அன்று ராத்திரி கூட்டிப் பார்த்தேன். மத்தேயு 5-ல், காணிக்கை கொண்டுபோகிற இடத்தில் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்று இருக்கிறது. என்பேரில் குறை. அத்தனை வருஷமும் அதை நான் மாற்றி வாசித்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை கோர்வையாக வரவில்லை. "ம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா கடைசியில உங்களையும் கேட்டாங்க" என்றாள். வேறு வழி தெரியாமல் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, தலைப்பில் அவள் பெயரை எழுதி, கோடு கிழித்து, அவளிடம் கொடுத்தேன். நீயே எழுது, எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவனைப் பார்த்தது அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து. எங்கள் பழைய பாடகர் குழுத் தலைவர் இறந்து அடக்க ஆராதனை. பழைய ஆட்களெல்லாம் வந்து அவரவர் இடத்தில் நின்றோம். பாட்டு ஆரம்பிக்கப் போகும்போது என் இடது பக்கம் ஒருவர் வந்து நின்றார். திரும்பாமலேயே தெரிந்தது. தலை நரைத்திருந்தான், சட்டை தொளதொளவென்று தொங்கியது. கையில் பாட்டுப் புத்தகம் இல்லை. என்னிடம் இருந்தது ஒன்று.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லலாமா என்று ஒரு விநாடி தோன்றியது. கேட்காத ஆளிடம் அதைச் சொல்வது குற்றப்பத்திரிகை வாசிப்பது போல ஆகிவிடும். சொல்லவில்லை. புத்தகத்தை இரண்டு பேருக்கும் நடுவில் நகர்த்தினேன். என் கை நடுங்கியது, அது கோபமா வேறெதாவதா என்று தெரியவில்லை. இரண்டாம் சரணத்தில் அந்த மேல் ஸ்தாயி வந்தது. அவன் சாயவில்லை. ஆனால் கொஞ்சம் அழுத்திப் பாடினான். நான் பிடித்துக்கொண்டேன்.

முடிந்ததும் "எப்படி இருக்கே?" என்றான். "இருக்கேன்" என்றேன். கூட்டத்தில் கலந்து போய்விட்டான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது எனக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. ஏழெழுபதில் இது எத்தனையாவது என்று வைத்துக்கொள்வது?

வந்ததும் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன், பழைய வழக்கம். குறிப்பு எழுத இடம் தேடிப் புரட்டும்போது அவள் பெயர் போட்ட பக்கம் வந்தது. அவள் எழுதியிருந்தாள். கோடுகளைச் சட்டை செய்யாமல் குறுக்கே, பென்சிலில், வரும் ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாட்டு எண்கள். பக்கம் பாதி நிரம்பியிருந்தது.